குவான்யின் பதக்கத்தை மதிப்பிடும்போது முதலில் முதுகைப் பாருங்கள்

ஜேட் என்ற நகைக்கல்லைச் செதுக்கும் சீனர்களிடம் ஒரு பழைய பேச்சு உண்டு: கல்லில் விரிசல் இல்லாவிட்டால் அதில் பூ போடமாட்டார்கள். அதாவது செதுக்கல் பெரும்பாலும் குறையை ஒளிக்கத்தான். வேலைப்பாடு கூடினால் விலையும் கூடும் என்பது நமக்குத் தங்கத்தில் பழகிய கணக்கு. ஜேட்டில் அது பெரும்பாலும் தலைகீழ். மொட்டையாக விட்ட வளையலுக்கும் மணிக்கும் குறையே இல்லாத துண்டு வேண்டும், ஒரு ரேகை ஓடினாலும் கண்ணில் குத்தும். 2014 ஏப்ரலில் ஹாங்காங் சோதபிஸ் ஏலத்தில் 2 கோடியே 74 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போன ஹட்டன்-மிதிவானி மாலையில் 27 மணிகள். ஒன்றில்கூடச் செதுக்கல் இல்லை.

கருணைத் தெய்வமான குவான்யின், சிரிக்கும் புத்தர் போன்ற உருவங்கள் மொட்டைக்கும் முழுச் செதுக்கலுக்கும் நடுவில் வருகின்றன. குவான்யினின் முகமும் புத்தரின் தொப்பையும் வழவழப்பாக இருந்தாக வேண்டும், அங்கே எதையும் ஒளிக்க முடியாது. ஆடை மடிப்பு, தாமரைப் பீடம், பின்னால் சுருளும் மேகம், கையில் உள்ள உருத்திராட்சம் போன்ற மாலை, இவையெல்லாம் ஒளிப்பதற்கான இடங்கள். ஒரு மடிப்பு தேவையில்லாமல் ஆழமாக இறங்கினால், அல்லது ஒரு பக்கத்து மேகம் மட்டும் காரணமின்றி அடர்ந்திருந்தால், அந்த இடத்தில் ஒரு ரேகையோ கருப்புப் புள்ளியோ வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வெட்டி எடுத்தது முழுதாகப் போயிற்றா, மிச்சம் உள்ளே ஓடுகிறதா என்பதுதான் மதிப்பிடுபவரின் கேள்வி. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பதில் வந்துவிடும். ஆறிய ரேகை, அதாவது கல் உருவாகும்போதே விரிசல் விழுந்து வேறு தாதுவால் நிரம்பியது, வெள்ளை நூல் போலத் தெரியும், ஒளி அதைத் தாண்டிப் போகும். திறந்த விரிசலில் ஒளி அங்கேயே நின்றுவிடும், ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டும்.

அதனால்தான் பதக்கம் கைக்கு வந்ததும் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கம் விற்பனைக்காகச் செய்தது. முதுகில் மூன்று விஷயங்கள் தெரியும். ஒன்று, தடிமன். வெர்னியர் காலிப்பரால் ஓரத்திலும் நடுவிலும் அளக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் உயரமுள்ள குவான்யின் 6, 7 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நல்ல கனம். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எந்தக் கல்லும் ஓரளவு கண்ணாடி போலத் தெரியும், அந்தத் தெளிவுக்குக் காசு கொடுக்கக் கூடாது. இரண்டு, குடைவு. சிரிக்கும் புத்தரின் தொப்பைக்குப் பின்னால் கிண்ணம் போலக் குடைந்திருப்பார்கள், முன்பக்கம் தொப்பை ஒளிர்வதற்காக. இது மோசடி இல்லை, ஆனால் எடை போயிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று, உலோகம் மூடியிருக்கிறதா என்பது. குளோஸ் செட்டிங்கில் முதுகு முழுவதும் தங்கத் தகட்டால் மூடியிருந்தால் குடைவு, மெலிவு, அடியில் வைத்த பளபளப்புத் தாள், தடவிய நிறம் எதுவும் தெரியாது. விற்பவர் கழற்றிக் காட்ட மறுத்தால், கல்லை மிக மெல்லியது என்று எடுத்துக்கொண்டுதான் விலை போடுவது.

இனிக் கல் எது என்பது. ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு தாதுக்கள் ஓடுகின்றன, அவை வேறுவேறு என்பதை 1863-இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சிஸ் டமூர் நிறுவினார். ஜேடைட் என்பது சோடியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிகேட். சீனாவுக்கு வரும் நல்ல ஜேடைட் பெரும்பாலும் மியான்மரின் கச்சின் மாநிலத்து பாகான்ட் சுரங்கங்களிலிருந்து வருவது. அடர்த்தி 3.34 சுற்றி, ஒளிவிலகல் எண், அதாவது கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்ற கணக்கு, 1.66. நெஃப்ரைட் என்பது கால்சியம், மக்னீசியம் கலந்த நார்த் தாது. ஷின்ஜியாங்கின் ஹோத்தான் வெள்ளைக் கல் இதில் புகழ்பெற்றது. அடர்த்தி 2.95 சுற்றி, ஒளிவிலகல் எண் 1.61. நெஃப்ரைட் தொட்டால் எண்ணெய் தடவியது போலிருக்கும். ஜேடைட்டின் மெருகு கண்ணாடிக்கு நெருக்கமானது.

அடர்த்தி பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. 0.01 கிராம் காட்டும் தராசு, ஒரு குவளைத் தண்ணீர், மெல்லிய நைலான் நூல் போதும். காற்றில் எடை போடு, நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கித் தொங்கவிட்டு எடை போடு, இரண்டின் வித்தியாசத்தால் முதல் எடையை வகு. காற்றில் 14.03 கிராம், தண்ணீரில் 9.83 என்றால் வித்தியாசம் 4.20, விடை 3.34. ஜேடைட். எல்லோரும் சறுக்குவது செதுக்கல் இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழில். 0.1 கன சென்டிமீட்டர் குமிழ் ஆடை மடிப்பில் தங்கினால் அதே கல் 3.26 காட்டும், நல்ல கல்லை ரெசின் என்ற செயற்கைப் பிசின் ஏற்றியது என்று சந்தேகிக்க வைத்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் இடுக்குகளைத் தடவி, குமிழ் போன பிறகு எடை எடுக்க வேண்டும். கொக்கியும் வளையமும் கல்லோடு இருந்தால் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது, தங்கத்தின் அடர்த்தி எண்ணைத் தூக்கிவிடும்.

ஒளிவிலகல் எண்ணையும் முதுகில்தான் எடுப்பது, தட்டையான இடம் அங்கேதான் கிடைக்கும். அந்த எண்ணைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில், கல்லுக்கும் கருவிக்கும் நடுவில் வைக்கும் திரவத்தைக் குண்டூசித் தலையளவுக்கு மேல் விடாமல், கண்ணை ஒரு அடி தள்ளி வைத்து, புள்ளியில் பாதி இருட்டும் பாதி வெளிச்சமும் பிரியும் இடத்தைப் படிக்க வேண்டும். 1.66 வந்தால் ஜேடைட். 1.56 வந்தால் பெரும்பாலும் சர்ப்பன்டைன், லியாவ்நிங் மாகாணத்து ஷியூயென் கல், அடர்த்தி 2.6-ஐ ஒட்டி இருக்கும், டார்ச் அடித்தால் உள்ளே பஞ்சு மேகங்கள். 1.54, 1.55 வந்தால் குவார்ட்சைட், அதிலும் சாயம் ஏற்றிய பச்சை குவார்ட்சைட் தான் ‘மலேசிய ஜேட்’ என்ற பெயரில் சுற்றுலாக் கடைகளில் கிடக்கிறது. மினுமினுக்கும் செதில்களோடு பச்சையாக இருந்தால் அவன்ச்சரின், உலகச் சந்தையில் ‘இந்திய ஜேட்’ என்று நம் நாட்டுப் பெயரையே சுமந்து திரிவது. மூன்றும் ஜேட் இல்லை. கண்ணாடி என்றால் லூப்பில், அதாவது நகைக்காரர் உருப்பெருக்கியில், உருண்டைக் குமிழ்கள் தெரியும், வார்ப்பு அச்சின் விளிம்புக் கோடு பீடத்தின் ஓரத்தில் ஓடும்.

கடைத்தெருவில் சொல்லும் சோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமுடியைச் சுற்றித் தீக்குச்சி வைப்பது, கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பது, கண்ணாடியில் கீறிப் பார்ப்பது. குவார்ட்ஸும் குளிரும், குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும். கத்தியால் கீறினால் மென்மையான சர்ப்பன்டைன் அகப்படும் என்பது உண்மைதான், ஆனால் அதில் கடினமான வகையும் உண்டு, அது தப்பிவிடும். அப்பாவிக் கல்லில் கீறல் மட்டும் மிச்சம். சூடான ஊசி வைத்து ரெசின் நாற்றம் பார்ப்பது இன்னும் மோசம். தட்டினால் மணி போல ஒலிக்கும் என்பது வளையலுக்கு ஓரளவு பொருந்தும், பதக்கத்துக்குப் பொருந்தாது.

ஜேடைட் என்று உறுதியானாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வியாபாரத்தில் ஏ, பி, சி என்று பிரிப்பார்கள், இது தர வரிசை இல்லை, கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்ற கணக்கு. ஏ என்றால் செதுக்கி, மெருகேற்றி, கடைசியில் மெழுகு பூசியதோடு சரி. பி என்றால் அமிலத்தில் ஊறவைத்துப் பழுப்பு இரும்புக் கறையைக் கழுவி எடுத்து, அதனால் பொந்தாகிப்போன கல்லுக்குள் ரெசின் ஏற்றியது. 1980-களில் ஹாங்காங் சந்தையில் பரவியது. சி என்றால் சாயம். இரண்டும் சேர்ந்ததும் உண்டு, சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கோயில் வாசல் கடைகளில் பளீர்ப் பச்சையாகத் தொங்கும் மலிவுப் பதக்கங்களில் அந்த வகையை முதலில் சந்தேகியுங்கள்.

பி வகையை லூப்பில் பிடிக்க, மின்விளக்கின் பிரதிபலிப்பு கல்லின் மேல் விழும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிரதிபலிப்பின் ஓரத்தில் காய்ந்த குளத்து மண் வெடித்தது போன்ற நுண் வலை தெரிந்தால் அது அமிலம் அரித்த தடம். இயற்கையான ஜேடைட்டிலும் குழிகள் வரும், ஏனென்றால் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையில் கடினத்தன்மை மாறுவதால் மெருகில் ஏற்றத்தாழ்வு விழும்; ஆனால் அவை தனித்தனிக் குழிகள், ஓரங்கள் மழுங்கியவை, கோடாக இணைந்து வலையாவதில்லை. மொட்டையான தொப்பையில் பார்ப்பதைவிட, மெருகு சரியாக எட்டாத காது மடலுக்குப் பின்னாலும் பீடத்து இதழ் இடுக்கிலும் பார்ப்பது பயன். அங்கே ரெசின் தேங்கி வழவழப்பான திட்டாக நிற்கும்.

சாயத்துக்கு டார்ச்சோடு பார்த்தால் போதும். இயற்கைப் பச்சை, திட்டாகவோ நரம்பாகவோ ஓடி மெல்லக் கரைந்துபோகும். சாயம் துகளுக்கும் துகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நிற்கும், அதனால் நூல் வலை. கையடக்க நிறமாலைக் கருவி இருந்தால் 437 நானோமீட்டர் கோடு ஜேடைட்டைச் சொல்லும்; குரோமியப் பச்சை 630, 655, 690 என்று மூன்று படிகளாகத் தெரியும், சாயம் 650 சுற்றி ஒரே அகலப் பட்டையாகத் தெரியும். நீண்ட அலை புறஊதா விளக்கில் நீல வெள்ளையாக மின்னினால் ரெசின் என்று சந்தேகிக்கலாம். மின்னாவிட்டால் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, மின்னாத ரெசின்களும் புழக்கத்தில் இருக்கின்றன. கனமாக மெழுகு பூசிய நல்ல கல்லும் லேசாக மின்னும். முடிவாகச் சொல்வது அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை மட்டுமே. ஆய்வகத்துக்கு அனுப்பும்போது கல்லை அடைப்பிலிருந்து கழற்றி அனுப்பினால் ஒளி ஊடாகப் போய்த் தெளிவான விடை கிடைக்கும்.

சீன ஆய்வகச் சான்றிதழில் பெயரை எழுதியிருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஜேடைட்டின் சீனப் பெயரான ‘ஃபெய்சுய்’ என்று மட்டும் இருந்தால் இயற்கையானது. அதோடு ‘செயல்முறைக்கு உட்பட்டது’ என்ற சீனச் சொல் சேர்ந்திருந்தால் பி அல்லது சி. நெஃப்ரைட்டுக்கு ‘ஹோத்தான் கல்’ என்று எழுதியிருந்தால் அது ஹோத்தானில் தோண்டியது என்று அர்த்தம் ஆகாது, சீனத் தரவிதிப்படி ரஷ்ய, சிங்ஹாய் நெஃப்ரைட்டுக்கும் அதே பெயர்தான். இன்னொன்று, சான்றிதழில் எழுதிய எடையும் படமும் கையில் உள்ள பதக்கத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் சான்றிதழை நம்பக் கூடாது. காகிதம் வேறு, கல் வேறு ஆவது அடிக்கடி நடப்பது.

உருவத்துக்கு வருவோம். ரசீதில் ‘புத்தர்’ என்று எழுதிய தொப்பைக்காரர் கௌதம புத்தர் இல்லை. அவர் பூதாய், 10-ஆம் நூற்றாண்டில் ஜெஜியாங் பகுதியில் துணி மூட்டையோடு திரிந்த துறவி, வரப்போகும் மைத்ரேயரின் அவதாரம் என்று வணங்கப்படுபவர். குவான்யின் அவலோகிதேசுவரர், கையில் குடுவையும் வில்லோக் கிளையும், நல்ல வேலையில் கிரீடத்தின் நடுவில் நகக்கண் அளவு அமிதாப புத்தர். வாளோடு சிங்கத்தின் மேல் இருப்பவர் மஞ்சுஸ்ரீ, யானை மேல் சமந்தபத்ரர். பன்னிரண்டு பிறந்த ஆண்டு விலங்குகளுக்கு எட்டுக் காவல் தெய்வங்கள் என்று பிரித்து விற்பதால் இவர்கள் மொத்தம் மொத்தமாகச் செதுக்கப்படுகிறார்கள். நீண்ட தாடி, பிறை வாள் என்றால் மூன்று அரசுகள் காலத்துத் தளபதி குவான் யூ. உருண்டைக் கண், சுருள் தாடி, கோலில் ஒற்றைச் செருப்பு, அல்லது நாணல் மேல் நின்று ஆற்றைக் கடக்கும் கோலம் என்றால் போதிதர்மர். சீன மரபு அவரைத் தென்னிந்தியர் என்றே சொல்கிறது, ஆகவே நம்மவர்கள் அந்தப் பதக்கத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். சந்தை அதற்குத் தனி விலை தருவதில்லை.

ஆண்கள் குவான்யினும் பெண்கள் புத்தரும் அணிவது சீன வழக்கம். அதனால் குவான்யின் பெரிதாகவும் நீளமாகவும், புத்தர் சிறிதாகவும் அகலமாகவும் வெட்டப்படுகின்றன. அளவு ஒப்பிடும்போது குவான்யினைக் குவான்யினோடுதான் ஒப்பிட வேண்டும். கோயிலில் வைத்து மந்திரம் ஓதிக் கொடுத்தது என்ற தாள் மறுவிற்பனையில் பைசா சேர்க்காது.

கல் ஒரே தரம் என்றால் முகம்தான் பதக்கத்தின் விலையைத் தீர்மானிக்கிறது. குவான்யினின் இமை பாதி மூடியிருக்க வேண்டும், கீழ்நோக்கிய பார்வை. மேலிமைக் கோடு மூக்கிலிருந்து காது நோக்கி ஒரே வீச்சில் மெலிந்து முடிய வேண்டும். மூக்கு நெற்றியோடு சேரும் இடம் மேடும் பள்ளமுமாக இல்லாமல் வழிந்து இறங்க வேண்டும். உதட்டோரத்தில் ஒரு சிறிய குழி, அவ்வளவுதான் புன்னகை. விரல்களைப் பாருங்கள்: கைவேலையில் ஒவ்வொரு விரலும் தனியாக நிற்கும், சுண்டு விரல் சற்று விலகியிருக்கும், விரல்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தின் அடியிலும் மெருகு இருக்கும். அச்சு வைத்து மீயொலி இயந்திரத்தில் அரைத்தெடுத்ததில் கை ஒரே கட்டியாகக் கோடு மட்டும் போட்டிருக்கும், எல்லாக் கோடும் ஒரே ஆழம், ஓரங்கள் மழுங்கல், பள்ளத்தின் அடி மங்கலாக மணல் போல. அச்சு நேராக இறங்கி நேராக ஏற வேண்டும் என்பதால் உள்வாங்கிய வெட்டு, அதாவது கையின் அடியில் உட்புறமாகக் குடைந்த இடம், இருக்கவே இருக்காது. கடையில் அதே தட்டில் அதே முகத்தோடு இன்னும் பத்து இருந்தால் சோதனையே தேவையில்லை. குவாங்டுங்கின் சிஹூய் நகரம் இத்தகைய உருவங்களை மெருகேற்றாத நிலையிலேயே குவியலாக விற்கும் சந்தை. உயர்தரக் கல்லுக்கு அதே மாகாணத்து ஜியேயாங் பக்கம் போவார்கள்.

முகத்தின் நடுவில் ரேகையோ புள்ளியோ வந்தால் விலை கடுமையாக விழும், அதே குறை பீடத்தில் இருந்தால் பெரிதாகப் பாதிக்காது. நிறம் எங்கே விழுகிறது என்பதும் அப்படியே. கல்லின் ஒரே பச்சைத் திட்டு குவான்யினின் மார்பிலோ கிரீடத்திலோ அமைந்தால் செதுக்கியவரின் கெட்டிக்காரத்தனம். அரை முகத்தில் விழுந்தால் அம்மை வார்த்த மாதிரி ஆகிவிடும். நிறத்துக்கு அடுத்து நீரோட்டம், அதாவது ஒளி ஊடுருவும் தெளிவு. சீனத்தில் கண்ணாடி, பனிக்கட்டி, ஒட்டரிசி, அவரை என்று இறங்குவரிசையில் ரகம் சொல்வார்கள். கண்ணாடி ரகத்தில் துகள் தெரியாது, கீழே வைத்த அச்செழுத்தின் நிழல் தெரியும். அவரை ரகத்தில் துகள்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

கருப்புக் கல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேசையில் வைத்தால் அட்டக்கருப்பு, டார்ச் அடித்தால் கரும்பச்சை. பெரும்பாலும் ஆம்ஃபசைட் என்ற ஜேடைட்டின் உறவுக்கார தாது. கருப்பில் நிறத் திட்டு, வெள்ளை நூல் எதுவும் முகத்தைக் கெடுக்காது என்பதால் சிற்பிகள் இதில் தங்கள் கைவரிசையைக் காட்டுகிறார்கள். முகத்தை மெருகிட்டு ஆடையை மங்கலாக விடும் வேலையை இதில்தான் ரசிக்க முடியும். இந்தக் கல்லுக்கு மட்டும் வேலைப்பாடே விலையில் பெரும்பங்கு.

பழையது என்று சொல்லி வருபவற்றுக்கு ஒரு வடிகட்டி: மியான்மர் ஜேடைட் சீனாவுக்குப் பெருமளவில் வந்தது 18-ஆம் நூற்றாண்டில், சியன்லுங் பேரரசர் காலத்திலிருந்து. அதற்கு முந்தைய மிங் காலத்து ஜேடைட் குவான்யின் என்று யாராவது நீட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம். நெஃப்ரைட்டில் நூல் துளையைப் பாருங்கள். பழைய துளை இரண்டு பக்கமும் புனல் போல அகன்று நடுவில் சற்றுத் தவறிச் சந்திக்கும், உள்ளே நூல் உராய்ந்து மழுங்கியிருக்கும்; புதியது ஒரே விட்டத்தில் குழாய் போல நேராகப் போகும். ஹோத்தான் கூழாங்கல்லின் பழுப்புத் தோலைச் சாயத்தால் செய்வதும் சாதாரணம். சாயத் தோலின் நிறம் குழியிலும் கீறலிலும் மட்டும் அடர்ந்து, மேட்டில் வெளிறியிருக்கும்.

மதிப்பீட்டு அறிக்கையில் எந்த மதிப்பு என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும். காப்பீட்டுக்கான மாற்று மதிப்பு என்றால் அதே தரத்துப் பதக்கத்தைக் கடையில் வாங்கும் விலை. பாகப் பிரிவினைக்கு என்றால் இன்று விற்றால் கைக்கு வரும் விலை, அது வெகுவாகக் கீழே நிற்கும். தங்கமும் வைரமும் தனித்தனியாகக் கணக்கிடக் கூடியவை, கல்லுக்கு கிராம் விலை கிடையாது. எனவே நீளம், அகலம், தடிமன், குடைவு, எடை, அடர்த்தி, ஒளிவிலகல் எண், செயல்முறை, உருவம், முகத்தின் நிலை, ரேகைகளின் இடம் என்று எழுதி, மூன்று படம் இணைக்க வேண்டும்: முன்பக்கம், முதுகு, பின்னொளியில். பின்னொளிப் படத்தில் உள்ள ரேகை கைரேகை மாதிரி, கல் மாறிவிட்டது என்ற சண்டை வந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

வளையம் உடைந்து பற்றவைக்கக் கொடுக்கும்போது பத்தரிடம் கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். பற்றவைப்புச் சூட்டில் பி வகைக் கல்லின் ரெசின் பழுப்பேறிவிடும், அதை மீட்க வழியில்லை. மீயொலிக் குளியலும் அதற்கு ஆகாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், நல்ல துணி போதும்.